தோட்டத்துச் சுகாதாரமும் சட்டமும்

(செகிஞ்சான், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நீதிமன்றமும் போலீசுமே நினைவுக்கு வருகின்றன. அது படித்தவர்களின் விவகாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் விடியற்காலையில் நாம் முகம் கழுவும் குழாய்த் தண்ணீரிலும், லயத்துக்குப் பின்புறம் ஓடும் அல்லூரிலும், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையிலும், பால்மரத்தில் கட்டியிருக்கும் மங்கிலும்கூடச் சட்டம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது, மங்கில் கொசு முட்டையிட்டால் யார் பொறுப்பு, ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தால் எந்த இலாகா வரவேண்டும் என்பவை யாவும் எழுதி வைக்கப்பட்டுள்ளன. எழுதியிருப்பது என்னவென்று அறியாதவருக்கு அது இருந்தும் இல்லாததே. ஆகவே பொதுச் சுகாதாரச் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் நம் தோட்டங்களுக்கு எப்படி வந்தன, அவற்றை யார் அமல்படுத்துகிறார்கள், அவற்றில் நமக்குள்ள பங்கு யாது என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

இந்தச் சட்டங்கள் தாமாக வந்தவை அல்ல. நம் முன்னோர் காடு வெட்டிக் கித்தாக் கன்று நட்ட நாட்களில், குளிர்காய்ச்சல் என்று அவர்கள் அழைத்த மலேரியா, லயம் லயமாக உயிர்களைக் கொண்டுபோயிற்று. புதிதாகத் திறக்கப்பட்ட சில தோட்டங்களில் ஓராண்டுக்குள் பத்தில் ஒருவர் மடிந்த காலமும் உண்டு. 1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் அரசாங்க வைத்தியராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில்தான் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்தனர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்ற உண்மையை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் புதிய அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு, வாட்சன் சதுப்பு நிலத்தில் அல்லூர் வெட்டி நீரை வடியவைத்தார். நிழல் தந்த காட்டை அழிக்கச் செய்தார். காய்ச்சல் தணிந்தது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கோல சிலாங்கூர் போன்ற கரையோரச் சமவெளிகளில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. ஆதலால் காட்டை வெட்டி, நீரை வடித்தபோது அது குறைந்தது. அதே வேலையை மலைப்பக்கத் தோட்டங்களில் செய்தபோதோ, நோய் குறைவதற்கு மாறாகக் கூடிற்று. ஏனெனில் மலையோரக் கொசு வேறினம்; வெயில் படும் தெளிந்த ஓடைநீரே அதற்கு உகந்த இடம். அங்கே நிலத்தடிக் குழாய்களில் ஓடையை மறைக்கவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது. ஒரே கட்டளையை எல்லாத் தோட்டங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விதித்தால் போதாது. அதிகாரி நேரில் வந்து மண்ணையும் நீரையும் பார்க்கவேண்டும் என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது. சுகாதாரச் சட்டங்களில் மேற்பார்வை அதிகாரிக்கு இவ்வளவு இடம் அளிக்கப்பட்டிருப்பதன் நியாயம் இதுவே.

முதலாளிமார் இவ்வேலைகளுக்குப் பணம் செலவிட்டது கருணையால் மட்டுமன்று. காய்ச்சலில் கிடப்பவர் பால் வெட்ட முடியாது. ஆள் சேர்க்கும் செலவோ மிகுதி. எனினும் கணக்குப் பார்த்துச் செய்யும் நன்மை, கணக்குத் தவறினால் நின்றுவிடும். அதனால்தான் 1912-ஆம் ஆண்டிலும் மீண்டும் 1923-ஆம் ஆண்டிலும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், தோட்டத்து வீடு, மருத்துவமனை, குடிநீர் ஆகியன பற்றிய கடமைகள் எழுத்தில் இடம் பெற்றன. நாடு விடுதலை அடைந்தபின் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967-இல் தொடங்கிற்று. 2018 முதல் இந்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்ளூரில் தோன்றவில்லை. குரங்கிடமிருந்து தொற்றும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்தையே காலிசெய்த நோய் இந்த அளவுக்கு ஒடுங்கியதில், பெயர் தெரியாத எத்தனையோ அல்லூர் வெட்டிகளுக்கும் மருந்து தெளித்தவர்களுக்கும் பங்குண்டு. அவர்களிற் பலர் நம்மவரே.

இனி இன்றைய சட்டங்களுக்கு வருவோம். தோட்டத்து வீட்டைப் பற்றிய முதன்மைச் சட்டம், தொழிலாளர் வீட்டுவசதி மற்றும் அடிப்படை வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம். 1966-இல் முதலில் இயற்றப்பெற்று, 1990-இல் 446-ஆம் சட்டமாகப் புதிதாக வகுக்கப்பட்டது. முதலாளி தொழிலாளிக்கு வீடு தருவதாயின் அது எத்தகையதாக இருக்கவேண்டும் என்று அது கூறுகிறது. பொதுக் குழாயிலிருந்து போதிய தண்ணீர் இலவசமாகத் தரப்படவேண்டும், மின்சாரம் வேண்டும், கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு நன்னிலையில் இருக்கவேண்டும், குழந்தைகள் போதிய எண்ணிக்கையில் இருக்குமிடத்தில் ஆயாக் கொட்டகை வேண்டும். தோட்ட மருத்துவ உதவியாளர், அதாவது நாம் டிரஸ்ஸர் என்று அழைப்பவர், அல்லது பொறுப்புள்ள வேறொருவர் வாரம் ஒருமுறையேனும் லயத்தைச் சுற்றிப் பார்த்துத் துப்புரவைக் கவனிக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. இச்சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. சுகாதார இலாகா அன்று. இந்த வேறுபாட்டை அறியாமல், கூரை ஒழுகுகிறதென்று மருத்துவமனையில் முறையிட்டுப் பயன் காணாது திரும்பியவர்கள் பலர்.

வாரம் ஒருமுறை என்ற விதி சிலருக்கு வெறும் சடங்காகத் தோன்றலாம். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு அப்படித் தோன்றாது. தேங்கிய நீரில் இட்ட முட்டை, புழுவாகிக் கூடாகிக் கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஏழு நாளுக்கு ஒருமுறை வாளியையும் தொட்டியையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால், அந்தத் தலைமுறைக் கொசு பிறப்பதேயில்லை. எட்டாம் நாளுக்குத் தள்ளிப்போட்டால் இடைவெளி கிடைத்துவிடுகிறது.

நம் தொழிலிலேயே கொசுவுக்கு ஒரு தொட்டில் உண்டு. அதுதான் மங்கு. நாள்தோறும் பால் எடுக்கும் மரத்து மங்கு அவ்வளவு ஆபத்தானதன்று. மழைக்காலத்திலும், இலையுதிர் காலத்திலும், விலை இறங்கி வெட்டு நின்றுபோன காட்டிலும், மரத்தோடு விடப்பட்ட மங்குகளில் மழைநீர் நிற்கிறது. ஓர் ஏக்கரில் நூற்றுக்கும் அதிகமான மரங்கள் என்றால் நூற்றுக்கும் அதிகமான கிண்ணங்கள். தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்னும் கொசு வீட்டுக்குள் இருப்பதைவிட இத்தகைய நிழலான வெளியிடத்தையே விரும்புவது. வெட்டு இல்லாத நாட்களில் மங்கைக் கவிழ்த்து வைப்பது ஒரு நொடி வேலை. ஆயினும் வெட்டு நின்ற காட்டுக்கு யார் சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புவது என்ற கேள்வி எழுகிறது. அதற்குச் சட்டம் விடை சொல்கிறது.

1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம், அதாவது 154-ஆம் சட்டம், நிலத்துக்கு உரிமையாளரையும் அதில் குடியிருப்பவரையும் பொறுப்பாளியாக்குகிறது. வெட்டு நின்றாலும் காட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். மங்கில் புழு இருந்தால் அவரே பதில் சொல்லவேண்டும். அதே போல, நம் வீட்டுத் தொட்டியிலும் பூஞ்சட்டித் தட்டிலும் வாசலில் கிடக்கும் பழைய டயரிலும் புழு இருந்தால், துரையையோ கிராணியையோ கைகாட்ட முடியாது. அங்கே குடியிருக்கும் நாமே பொறுப்பு. சுகாதார அதிகாரி நியாயமான நேரத்தில் வீட்டுக்குள்ளும் வந்து பார்க்கலாம். அவரைத் தடுப்பதே ஒரு குற்றம். குற்றம் கண்டால் 500 வெள்ளி வரை கம்பவுண்டு விதிக்கப்படும். வழக்கு நீதிமன்றம் சென்றால், முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. சட்டம் முதலாளியை மட்டும் கட்டுப்படுத்தும், நம்மைப் பாதுகாக்க மட்டுமே செய்யும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது கசப்பாக இருக்கும்.

2019-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். நம் சிலாங்கூர் மாநிலமே எண்ணிக்கையில் முன்னிற்பது. தண்ணீர் சேமிக்கும் பெரிய தொட்டியை வாரந்தோறும் கவிழ்க்க முடியாதவர்கள் அபேட் மருந்தைப் பயன்படுத்தலாம்; பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் போதுமானது. அதிகமாகப் போட்டால் அதிகப் பயன் என்று கருதி அள்ளிக் கொட்டவேண்டியதில்லை.

கொசுவைப் பற்றிய சட்டத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டியது 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். மருத்துவர் டிங்கி என்று கண்டால் அதைச் சுகாதார அலுவலகத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் 2010 முதல் இவ்வாறு தெரிவிக்கவேண்டிய நோயாகியுள்ளது. ஈரக் காட்டிலும் அல்லூரிலும் வெறுங்காலோடு நிற்கும் நமக்கு அது அந்நிய நோயன்று. தெரிவிக்கும் கடமை மருத்துவரோடு முடிவதில்லை. ஒரு வீட்டில் தொற்றுநோய் தோன்றியதை அறிந்த, அவ்வீட்டில் வாழும் பெரியவர் ஒவ்வொருவரும், அருகிலுள்ள சுகாதார அலுவலகத்துக்கோ அரசாங்க மருத்துவ நிலையத்துக்கோ போலீஸ் நிலையத்துக்கோ கிராமத் தலைவருக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நம்மிடையே சிலர், சொன்னால் லயம் முழுவதும் புகையடிப்பார்கள், அக்கம்பக்கத்தார் ஏசுவார்கள் என்று மறைக்கிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தான நாள்.

இப்போது ஆற்றங்கரைக்கு வருவோம். சிலாங்கூர் ஆறு பாயும் இந்த மாவட்டத்துக்குச் செம்பனை வரலாற்றில் தனியிடம் உண்டு. 1917-ஆம் ஆண்டில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் ஆன்ரி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அவ்வூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்குகிறது. 1960-களிலும் 1970-களிலும் கித்தாவுக்குப் பக்கத்தில் செம்பனை வேகமாகப் பெருகிற்று. ஆலைகளும் பெருகின. பால் ஆலையின் புளித்த நீரும் எண்ணெய் ஆலையின் பழுப்புக் கழிவும் நேரே ஆற்றில் விடப்பட்டன. மீன் செத்து மிதந்ததையும், நாற்றத்தால் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் அவதியுற்றதையும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் கித்தாப் பால் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. அமலாக்கம் என்பது எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால், நாம் இந்த விதிகளையே எடுத்துக்காட்டுவோம். கழிவுநீரின் அழுக்கை அளக்க ஒரு கணக்கு உண்டு. அந்த அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க நீரிலுள்ள பிராணவாயு எவ்வளவு செலவாகிறது என்பதே அது. எண்ணெய் ஆலையின் கழிவுநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் என்ற அளவில் அது இருந்தது. அரசாங்கம் ஒரே நாளில் ஆலைகளை மூடச் சொல்லவில்லை. மூடியிருந்தால் நம் வேலையும் போயிருக்கும். 1978-இல் 5,000 மில்லிகிராம் என்றும், பிறகு ஆண்டுதோறும் இறக்கி, 1984-இல் 100 மில்லிகிராம் என்றும் வரம்பு வகுக்கப்பட்டது. உரிமம் பெறும்போது, ஆற்றில் விடும் அழுக்குக்கு டன்னுக்கு 10 வெள்ளி கட்டணம். வரம்பை மீறிய அழுக்குக்கு டன்னுக்கு 100 வெள்ளி. அழுக்கை விடுவதைவிடச் சுத்திகரிப்பது மலிவு என்று ஆலைக்காரரின் கணக்குப் புத்தகமே சொல்லும்படி செய்தார்கள். ஆலைக்குப் பின்னால் இன்று வரிசையாகக் காணப்படும் கழிவுநீர்க் குளங்கள் பல அந்த விதிகளின் பிள்ளைகளே. ஆலைகள் பெருகியும் அவை ஆற்றில் விட்ட அழுக்குக் குறைந்தது.

ஆறு நமக்கு மட்டும் உரியதன்று என்பதை 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அனைவரும் உணர்ந்தனர். ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றை அடைந்தது. சிலாங்கூர் ஆற்றின் மூன்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் நிறுத்தப்பட்டன. 1,292 இடங்களில் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் நீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லாது போயிற்று. தலைநகரத்து அடுக்குமாடிகளில் வாழ்வோர் வாளியோடு லாரிக்குக் காத்துநின்றனர். சட்டம் இருந்தும் இது நிகழ்ந்தது. காரணம், மேலே பேசிய ஆலைகள் உரிமம் பெற்றவை. எங்கே இருக்கின்றன, எங்கே கழிவை விடுகின்றன என்பது இலாகாவுக்குத் தெரியும். ஓடையோரத்துச் சிறு பட்டறையும், இரவில் லாரியில் வந்து கழிவைக் கொட்டிச் செல்பவனும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களை முதலில் காணக்கூடியவர் அதிகாரி அல்லர்; விடியற்காலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் காட்டுப் பாதையில் நடக்கும் தொழிலாளியே.

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது நமக்குப் பழகிய வேலை. திறந்த வெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பதோடு, 2024-இல் அச்சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கவும் பட்டுள்ளன. வட சிலாங்கூரில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. ராஜா மூசா காட்டிலும் அதைச் சூழ்ந்த நிலங்களிலும் மண் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிய மரமும் இலையும்தான். வறட்சியில் அதில் பற்றிய தீ தரைக்கு அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட முடியாது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்கு நீர் தருவதில் அந்தச் சதுப்புக் காட்டுக்கும் பங்குண்டு.

மருந்தடிக்கும் வேலையைப் பற்றிப் பேசாமல் இவ்வுரை நிறைவுறாது. அவ்வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். முதுகில் பம்பைச் சுமந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, பராகுவாட் என்னும் களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். நகம் கறுத்தது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. அந்த மருந்துக்கு 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளை நாம் சிறிதென்று கருத இயலாது. தடை வந்துவிட்டதால் எல்லா மருந்தும் தண்ணீராகிவிடவுமில்லை. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்பான வேலைமுறையையும் கருவிகளையும் தரவேண்டியவர் முதலாளி. தந்த கையுறையையும் காலணியையும் அணிய வேண்டியவர் தொழிலாளி. 2024 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால், அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். இவ்வுரிமையைப் பற்றி நாம் விசாரித்தவரையில் கேள்விப்பட்டவர்களே அரிதாக இருந்தனர்.

சட்டத்தின் கை எட்டாத இடங்களையும் மறைக்காமல் கூறவேண்டும். 446-ஆம் சட்டம் வேலையோடு கட்டுண்டது. முதலாளி, தொழிலாளி என்ற உறவு இருக்கும்வரை வீட்டைப் பற்றிய கடமையும் இருக்கும். தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டாலோ, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் போக்கிடமின்றிப் பழைய லயத்திலேயே தங்கிவிட்டாலோ, குழாயைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார் என்பது கேள்விக்குரியதாகிவிடுகிறது. இந்நிலையில் வாழும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது: கொசு, தொற்றுநோய், கழிவு ஆகியவற்றுக்கான சட்டங்கள் வேலையோடு கட்டுண்டவை அல்ல, அவை வீட்டையும் மண்ணையும் பற்றியவை. லயத்துக்குச் சொந்தக்காரர் எவராயினும், அங்கே குடியிருப்பவர் எவராயினும், சுகாதார அதிகாரி வந்தே ஆகவேண்டும். வீட்டுச் சிக்கலை அதனால் தீர்க்கமுடியாது. தேங்கிய சாக்கடையையேனும் தீர்க்கலாம்.

நம் பக்கத்திலேயே வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். 2020 நவம்பரில் கிள்ளானில், நாம் எடுக்கும் பாலிலிருந்து உலகுக்கே கையுறை செய்யும் தொழிலில், நெருக்கமான தங்குமிடங்களிலிருந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கோவிட் தொற்றியது. அதே ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்திருந்த திருத்தத்தால், 446-ஆம் சட்டம் தோட்டம், சுரங்கம் என்ற எல்லையைக் கடந்து எல்லாத் தொழில்களுக்கும் விரிந்திருந்தது. தங்குமிடத்துக்குச் சான்றிதழ் பெறாத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க இடமுண்டு. தோட்டத் தொழிலாளிக்கென்று எழுதப்பட்ட சட்டம் இவ்வாறு ஊருக்கெல்லாம் பொதுவாயிற்று.

முறையிடுவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். வாய்ச்சொல்லாகச் சொல்வது காற்றோடு போகும். என்ன குறை, எந்த லயம், எத்தனையாவது வீடு, எந்தத் தேதி முதல் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு நகலை வைத்துக்கொண்டு, கொடுத்த நாளைக் குறித்துக்கொள்ளவேண்டும். முதலில் தோட்ட நிர்வாகத்திடம் கொடுப்பதே முறை. சங்கக் கிளை இருக்குமிடத்தில் அதன் வழியாகவும் கொடுக்கலாம். வீடும் தண்ணீரும் பற்றியதாயின் அடுத்துத் தொழிலாளர் இலாகா. கொசுவும் நோயும் பற்றியதாயின் மாவட்டச் சுகாதார அலுவலகம். ஆலைக் கழிவும் புகையும் பற்றியதாயின் சுற்றுச்சூழல் இலாகா. மருந்தும் வேலைமுறையும் பற்றியதாயின் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா. எந்த மாவட்டம் என்பதிலும் கவனம் தேவை. செகிஞ்சான் சபாக் பெர்ணம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தஞ்சோங் காராங்கும் ஜெராமும் பெஸ்தாரி ஜெயாவும் கோல சிலாங்கூரைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையில் கடிதம் அலைந்து ஒரு மாதம் வீணாவதுண்டு.

இச்சட்டங்கள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. நம் பிள்ளைகள் பள்ளியில் தேசிய மொழி படித்தவர்கள். இராத்திரியில் தோட்ட மண்டபத்தில் நாலு பேர் அமர்ந்து, பிள்ளை ஒன்று படித்துப் பொருள் சொல்ல, பெரியவர்கள் கேட்டால் போதும். ஒவ்வொரு விதியிலும் கடமை யாருக்கு, பார்க்கவேண்டிய அதிகாரி யார், கெடு எத்தனை நாள், தவறினால் என்ன தண்டனை என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். மற்றச் சொற்களை விட்டுவிடலாம். அப்படிப் படிக்கும் பிள்ளைகளில் ஒருவருக்கு இதில் நாட்டம் பிறக்குமாயின், எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் டிப்ளோமா பயிலும் வழியும் உண்டு. இத்தகைய கழகம் ஒன்று சுங்கை பூலோவில் இருக்கிறது; தேசியப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் பட்டப்படிப்பும் உண்டு. அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும் என்பதால், நான்காம் படிவத்திலேயே பிள்ளையின் பாடத் தேர்வைக் கவனிப்பது நலம்.

முதல் வாசிப்புக்கு 446-ஆம் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் வாராந்தரப் பார்வை பற்றிய பிரிவைப் படித்தபின், தோட்ட அலுவலகத்தில் சென்று, கடந்த வாரம் நம் லயத்தைப் பார்த்தவர் யார், என்ன குறித்தார் என்று மரியாதையோடு கேட்டுவாருங்கள்.